யார் சொல்லி வந்தீங்க?

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. 2023. ஆனைக்குட்டத்தில் என் பெரியம்மா மகன் அண்ணன் நடத்தும் பட்டாசுக் கடை வாசலில், பொழுது சாயும் நேரத்தில், வெளியூர் மினி லாரி ஒன்றில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே கல்லாவை ஒட்டி அண்ணன் மகன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். கடையின் இணையதளத்துக்கு அன்று எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றெல்லாம் கூகுள் அனலிடிக்ஸ் வரிசையாகக் காட்டியது. கடைசியாக ஒரு கட்டம். பர்ச்சேஸ்: 0. அதன் பக்கத்தில் வருமானம்: 0.

"அண்ணாச்சி, இன்னும் ஆறு பெட்டிதான். தார்ப்பாய் போட்டுரலாமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அந்தச் சைபரைப் பார்த்துக்கொண்டே அந்தக் குரலையும் கேட்டுக்கொண்டு நின்ற நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. மூன்று பருவமாக அந்தக் கடையின் விளம்பரக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறவன் நான். அந்தச் சைபரிலிருந்துதான் இந்தத் தொழிலில் எனக்குப் படிப்பு தொடங்கியது.

சைபர் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் எளிது. அந்தக் கருவி ஒரு கடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தக் கடையில் வாடிக்கையாளர் பொருளைப் பார்ப்பார், கூடையில் போடுவார், அங்கேயே பணம் கட்டுவார். பணம் கட்டிய நொடியில் கருவி ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். எங்கள் வியாபாரம் அந்த வழியில் போகவே முடியாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதைத் தடை செய்துவிட்டது. கூகுளிலும் மெட்டாவிலும் காசு கொடுத்து விளம்பரம் செய்யலாம் என்றால், அவர்களுடைய விதிகளில் பட்டாசு வெடிபொருள் வரிசையில் நிற்கிறது. ரயிலில் ஏற்ற வழியில்லை. ஆகவே எங்கள் பக்கத்துக் கடைகளின் இணையதளம் பெரும்பாலும் ஒரு விலைப்பட்டியல்தான். பார்க்கிறவர் வேண்டியதைக் குறித்துக்கொள்கிறார், போன் போடுகிறார், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார். வியாபாரம் முடியும் இடம் கல்லா. அந்த இடத்தில் கருவிக்குக் கண் கிடையாது.

இதைச் சொன்னால், அப்படியானால் இந்தக் கருவியெல்லாம் பெருநகரத்துக் கம்பெனிகளுக்குத்தான், நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று மல்லியும் வத்தலும் பருப்பும் எண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக அச்சிடுகின்றன. அதைப் பார்த்துத் தங்கள் கொள்முதலை மாற்றிக்கொண்ட கடைக்காரர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் இங்கே எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைகள். மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்தப் பிடி அரிசியில் நடந்தது. ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் வேண்டும் என்பது முதலில் முடிவானது. எத்தனை பிடி என்ற எண்ணிக்கை அதற்குப் பின்னால் வந்தது. எதற்காக எண்ணுகிறோம் என்பது எண்ணத் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தது.

மடிக்கணினிக்கு முன்னால் நாங்கள் அதைத்தான் தவறவிட்டோம். கருவியை முதலில் நிறுவிவிட்டு, அது காட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறிக்கையில் பெரிய வரி எப்போதும் 'டைரக்ட்' என்பதாகத்தான் இருந்தது. முதல் வருடம் அதைப் பார்த்து அண்ணன் சந்தோஷப்பட்டார். "நேரடியா நம்ம பேரச் சொல்லித்தான் வாறாங்க போல." அப்படி எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கருவி வைத்திருக்கும் பொருள் வேறு. இந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதற்குத் தடயம் இல்லை என்றால் அவரை டைரக்ட் கணக்கில் தள்ளிவிடும். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய சுட்டியைத் தொட்டு வருகிறவர் பெரும்பாலும் அங்கேதான் போய் விழுவார். நமக்கு வருகிற கூட்டமே வாட்ஸ்அப் வழியாகத்தான். ஆக, எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதையே கருவி 'தெரியாது' என்று எழுதி வைத்திருந்தது. அதை நாங்கள் 'நேரடி' என்று வாசித்தோம்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சுட்டியின் வாலில் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்து அனுப்பலாம். யுடிஎம் என்பார்கள். கூகுள் 2005இல் வாங்கிய அர்ச்சின் என்ற கம்பெனியின் பெயர் அந்த முதல் எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர்க் குழுவுக்கு ஒரு வால், மதுரைக் குழுவுக்கு ஒரு வால், பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு வால் என்று மருமகப்பிள்ளை மாதிரி பதவிசாக ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி அனுப்பினான் அண்ணன் மகன். டைரக்ட் வரி கொஞ்சம் இளைத்தது. ஆனால் ஜனங்கள் சுட்டியை மட்டுமா அனுப்புகிறார்கள்? விலைப்பட்டியலைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். படத்துக்கு வால் கட்ட முடியாது.

மிச்சத்தைத் தீர்த்தது மதினியின் நோட்டு. இருநூறு பக்கம் கோடு போட்ட நீள நோட்டு. கல்லாவில் உட்கார்ந்தால் மதினி பில் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த ஊரு? யாரு சொல்லி வந்தீங்க?"

கேட்பது கணக்குக்காக என்று வருகிறவருக்குத் தோன்றாது. விசாரிப்பாகத்தான் இருக்கும். அவர் சொன்னதை மதினி அப்படியே எழுதுவார். 'ராஜபாளையம். மில்லில் கூட வேலை பார்க்கிறவர்.' 'சாத்தூர். போன வருசம் வந்தவர் தங்கச்சி.' 'யூடியூப்பில் பார்த்து.' 'ரோட்டில் போகும்போது போர்டு பார்த்து.' கோடு போட்டு, பக்கத்தில் பில் நம்பர். அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்து கடை ஓய்ந்த பிறகு நோட்டையும் அறிக்கையையும் அருகருகே வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தோம். கோவைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். கருவியின் கணக்கில் அவர் ஒரு பார்வையாளர், இரண்டு நிமிடத்துச் சொச்சம் தளத்தில் இருந்தவர். மதினியின் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே பதினெட்டு வீடு என்று இருந்தது. அந்தக் குடியிருப்பில் பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்துப் பட்டியல் வாங்கி, பணம் பிரித்து, வேன் பிடித்து வந்தவர் அவர். தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறவர்களும் இப்படித்தான். மாதாமாதம் தெருவில் பணம் வாங்கி, கடைசியில் இனிப்போடு ஒரு பட்டாசுப் பெட்டியும் கொடுக்கிற அந்த மனிதர் கருவிக்கு ஒரு செல்போன். நமக்கு அவர் ஒரு தெரு.

அந்த வருடம் வரை எங்கள் கவனமெல்லாம் பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இருந்தது. அடுத்த வருடம் வீடியோவுக்குச் செலவழித்த காசில் பாதியை நிறுத்திவிட்டு, ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் அந்த மாதிரி ஆட்களுக்கு மதினியும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் போன் போட்டார்கள். ஒரு கருவியால் மாறிய எங்கள் முதல் முடிவு அதுதான். கருவியோடு ஒரு நோட்டும் சேர்ந்ததால் மாறியது.

கருவி எங்களைக் குழப்பிய இன்னோர் இடம் நாட்காட்டி. அந்தச் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது தெரியாமல் எங்கள் பக்கத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

கருவியில் 'முந்தைய ஆண்டோடு ஒப்பிடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இந்த வருட அக்டோபர் 20ஐப் போன வருட அக்டோபர் 20க்குப் பக்கத்தில் வைக்கும். கிறிஸ்துமஸ் வியாபாரம் செய்கிறவருக்கு அது சரி. எங்களுக்கு? 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. அதாவது அக்டோபர் 20 என்ற ஒரே தேதி முதல் வருடம் தீபாவளிக்கு இருபத்து மூன்று நாள் முந்தியது, அடுத்த வருடம் பதினோரு நாள் முந்தியது, அதற்கடுத்த வருடம் தீபாவளியேதான். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வருவது கணக்காகாது. 2025இல் அக்டோபர் கடைசி வாரத்து அறிக்கையைப் பார்த்த ஒரு பையன், வருகை அடியோடு விழுந்துவிட்டது என்று பதறிப்போய் என்னிடம் வந்தான். விழாமல் என்ன செய்யும்? பண்டிகை முடிந்துவிட்டது.

தேதி நகரும்போது சம்பளமும் நகரும். நவம்பர் 12 தீபாவளி என்றால் மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகு வருகிற தீபாவளி. அக்டோபர் 20 என்றால் சம்பளத்தில் பாதி கரைந்த பிறகு வருவது. போனஸ் போட்டால்தான் பட்டாசு. கூட்டம் கடைசி இரண்டு நாளில் நெருக்கியடிக்குமா, பத்து நாளாகப் பரவுமா என்பதை இது தீர்மானிக்கிறது. எத்தனை ஆளை எந்த நாளில் வேலைக்கு வைப்பது என்பதும் இதில்தான் இருக்கிறது.

எனவே எங்கள் கணக்கில் ஆங்கிலத் தேதியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண். தீபாவளிக்கு முன் எத்தனையாவது நாள். நாள் 30, நாள் 14, நாள் 3. கருவியிலிருந்து எண்களை இறக்கி ஒரு சாதாரண எக்செல் தாளில் இந்த எண்ணுக்கு எதிரே போட்டால், மூன்று வருடக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நிற்கிறது. மதினிக்கு இதில் வியப்பில்லை. "நாங்க எப்பவும் அப்படித்தானே எண்ணுவோம்" என்றார். நாட்டில் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டிகளில் பெரும்பங்கு அச்சாகி வருவது சிவகாசியிலிருந்து. நல்ல நேரமும் ராகுகாலமும் அமாவாசையும் போட்டு ஊருக்கெல்லாம் காலண்டர் கொடுக்கிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நம் வியாபாரத்தை அடுத்தவர் காலண்டரில் வைத்துப் பார்த்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை அறுவடை பார்க்கிற தொழிலுக்கு ஞாபகம் முக்கியம். அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பில் ஆளுக்கு ஆள் ஆராயும் விவரம் இரண்டு மாதம்தான் நிற்கும் என்பது தொடக்க அமைப்பு. நாம் போய் மாற்றினால் இலவசக் கணக்கில் பதினான்கு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். பழைய பதிப்பு 2023 ஜூலை 1 அன்று எண்ணுவதை நிறுத்தியது. அதிலிருந்த பழைய கணக்கைப் பார்க்கும் வழியும் ஒரு வருடம் கழித்து மூடப்பட்டது. நாங்கள் இறக்கி வைக்கவில்லை. இரண்டு தீபாவளி போயே போய்விட்டது. மதினியின் நோட்டுகள் மர பீரோவில் இருக்கின்றன.

எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாததும் உண்டு. 2018இல் அந்தத் தீர்ப்பு வந்தது நாள் 14இல். நவம்பர் 6 தீபாவளி. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், இரண்டு மணி நேரம் மட்டும் என்று ஒரே நாளில் சரக்கின் பொருளே மாறியது. தமிழ்நாட்டில் விடியற்காலையில் வெடிக்கிற வழக்கத்துக்காக அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடங்களின் சரவெடி விற்பனையை வைத்து யாராவது கொள்முதல் செய்திருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் எங்கள் தாளில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பத்தி விட்டிருக்கிறோம். மழை, தீர்ப்பு, விலை, விபத்து, தேர்தல் என்று எது நடந்தாலும் அதில் எழுதுகிறோம். பத்து வருடம் கழித்து அதை எடுத்துப் பார்க்கிறவருக்கு எண்ணைவிட அந்தப் பத்திதான் பேசும் என்று நினைக்கிறேன்.

விலைப்பட்டியல் விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு நீண்ட வழக்கு நடந்தது. எங்கள் பக்கத்து விலைப்பட்டியல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 80% தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டிருக்கும். விலையை ஐந்து மடங்கு ஏற்றி எழுதிவிட்டு அதில் நாலு பங்கைக் கழிப்பது. ஒரு வாரம் 80% போட்ட பக்கத்தையும், மறுவாரம் நெட் ரேட் மட்டும் போட்ட பக்கத்தையும் விட்டுப் பார்த்தோம். தள்ளுபடிப் பக்கத்தில்தான் கூட்டம் அதிகம் நின்றது. 85 போட்டால் இன்னும் நிற்கும் என்றேன் நான். அப்போது நான் கருவியின் பக்கம் நின்று பேசினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஏமாத்துப் பயகளும் அதத்தானடா போடுறான்?" என்றார்.

அவர் சொன்னது போலித் தளங்களை. தீபாவளி நெருங்கினால் சிவகாசிக் கடை என்ற பெயரில் போலித் தளமும் போலி எண்ணும் முளைக்கின்றன. நம்ப முடியாத விலை போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டிருக்கிறது. அந்தத் திருடர்களும் இதே கருவிகளை வைத்துத்தான் எந்த எண்ணுக்கு ஜனம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். எது இழுக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் நானும் அவர்களும் ஒரே பக்கத்தில் போய் நிற்போம். அன்று எனக்கு அது உறைத்தது. இப்போது எங்கள் பட்டியலில் நெட் ரேட் மட்டும்தான், 18% ஜிஎஸ்டியோடு. பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். அண்ணன் அதை இழப்பாக எழுதவில்லை. நானும் இப்போது எழுதுவதில்லை.

இவ்வளவு சின்னக் கடைக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்டால், எங்கள் மண்ணில் வேண்டும் என்றே சொல்வேன். வேறு வியாபாரத்தில் கணிப்பு தவறினால் சரக்கு தேங்கும், பணம் முடங்கும். இங்கே தவறினால் அது பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறைக்குப் போகிறது. நாள் 20இல் கடைகள் திடீரென்று பேன்சி ரகம் இன்னும் வேண்டும் என்று கேட்டால், அந்த அவசரம் ஆலைக்குப் போகும். ஆலையிலிருந்து உள்குத்தகைக்குப் போகும். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆளும் ஓர் அறைக்குள் சேரும். வெயிலில் காய வைக்கிற நேரத்தைக் குறைப்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று எங்கள் பக்கத்து முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் நோட்டுக் கணக்கில் அது அந்த வருடத் தீபாவளிக்கு அறுபத்தொன்பதாவது நாள். அந்த விபத்துக்கு ஒரு கடையின் கடைசி நேர ஆர்டர் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பருவத்தின் நெருக்கடி எந்தத் திசையில் ஓடி யார் கையில் போய் நிற்கிறது என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எந்த ரகம் எவ்வளவு போகும் என்று மாசியிலேயே ஓரளவு சரியாகச் சொல்லி, அதற்குத் தக்க முன்பணம் கொடுத்துவிட்டால், ஐப்பசியில் அவசரப்பட வேண்டிய கை ஒன்று குறையும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

இன்று எங்களிடம் இருப்பது கொஞ்சம்தான். அனலிடிக்ஸ் இருக்கிறது, அதில் நாங்கள் பார்ப்பது எந்த ரகத்தின் பக்கம் நாள் 60இலிருந்து நாள் 30க்குள் அதிகம் திறக்கப்படுகிறது என்பதை மட்டும். கூகுள் வரைபடத்தில் கடைக்கு வழி கேட்டவர்கள் எத்தனை, போன் பொத்தானைத் தொட்டவர்கள் எத்தனை என்று காட்டும் இலவசக் கணக்கு இருக்கிறது. ரோட்டோரக் கடைக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் ஊர்வாரியாகக் குறியிட்டு வைத்திருக்கிறோம். மாதச் சந்தா கட்டும் மென்பொருள் இரண்டை விற்க ஆட்கள் வந்தார்கள். வண்ண வண்ணமாகக் காட்டினார்கள். "இதப் பாத்து நாளைக்கு நாங்க எதை மாத்தணும்?" என்று மதினி கேட்டார். அதற்கு அவர்களிடம் பதில் இல்லாததால் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த நோட்டுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அது நடப்பது ஒரே ஒரு விஷயத்தால்: கேட்ட கேள்விக்கு வந்தவர்கள் உண்மையாகப் பதில் சொல்வதால். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. விருதுநகர், திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் பட்டாசு வாங்க வருவீர்கள். கல்லாவில் இருக்கிறவர் பில் போடும் முன் யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டால், அவசரத்தில் 'சும்மா வந்தோம்' என்று சொல்லிவிடாதீர்கள். அனுப்பியவர் யார் என்று ஒரு நிமிடம் நின்று சொல்லிவிட்டுப் போங்கள்.